ரூடி சாரும் பானெட் வாரும்

போன மாதம் துபாயில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேரன் என்னை ஒரு மாலுக்குள் இழுத்துப்போய்ச் செயற்கைப் பனியில் நிறுத்திவிட்டான். வெளியே கொளுத்துகிற வெயில். உள்ளே எனக்குப் பல் தந்தியடிக்கிறது. வாடகைக் கோட்டில் யாருடைய வியர்வையோ நாறியது. பிள்ளைகள் ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து சர்ரென்று சறுக்கி வந்தார்கள். "தாத்தா, கம் ஆன்! ஜாலியா இருக்கும்" என்றான். எனக்கோ ரூடி சார் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லித் தொலைக்கிறேன்.

எழுபதுகளில் இதே துபாயில், தேரா பகுதியில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் நான் ஸ்டோர்கீப்பர். உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கிற வேலைதான்; ஊருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் மேனேஜர். உண்மையான மேனேஜர் ரூடி சார், சுவிட்சர்லாந்துக்காரர். கோடையில் கார்ப் பந்தயம், குளிர்காலத்தில் பாப்ஸ்லெட் என்று வாழ்ந்த மனுஷன். பாப்ஸ்லெட் என்றால், நாலு பேர் ஒரு இரும்பு வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, தாவி ஏறி, பனிக்கட்டி வாய்க்காலில் மலையிறங்குவது. முன்னால் உட்கார்ந்து வண்டியைத் திருப்புகிறவர் இவர்.

"ஐஸுல வண்டி ஓட்டுனாராம்ல மாப்ளே! எங்கூருக் குச்சி ஐஸ்காரன்கூட ரோட்டுலதான்டா ஓட்டுறான்" என்பான் என் ரூம்மேட் செல்வராசு. அதே ஒர்க்‌ஷாப்பில் பெயின்டர். நானும் கெக்கெக்கே என்று சிரிப்பேன். ஒருநாள் சார் போட்டோவைக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டோம். அவர் இங்கிலீஷும் இந்தியும் கலந்து பேசியதை நான் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்: "ஐஸில் ஒரு திருகாணி தளர்ந்தால் நாலு உயிர் போச்சு. ஏறுவதற்கு முன் எல்லாவற்றையும் என் கையால் தொட்டுப் பார்ப்பேன். இதுவரை ஒரு தடவைகூடத் தவறியதில்லை."

அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஐரோப்பாவில் அவரை நம்பிக் கார் கொடுக்க ஆளில்லை. ஊருக்கு வெளியே உப்புத்தரையில் நடக்கும் பந்தயத்தில் ஜெயித்தால், அடுத்த வருடம் ஐரோப்பாவுக்கே காரோடு அனுப்புவதாக எங்கள் அரபு முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். சாருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அது எங்களுக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் வளைகுடாவுக்குப் போன எங்களுக்கெல்லாம் ஒரு வியாதி. எவன் காராவது நின்றால் போதும், சாய்ந்து நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவோம். எனக்கு வேறு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தயத்தன்று காலை சார் பந்தயக் காரின் பானெட்டை மூடி, அதன்மேல் இரண்டு தோல்வாரையும் இழுத்து மாட்டி, தொட்டுப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

"கேமராவ எடுறா" என்றேன் செல்வராசிடம். வாரைக் கழற்றிப் பானெட்டைத் திறந்து, கையில் ஸ்பேனரோடு பெரிய இன்ஜினியர் மாதிரி ஒரு போஸ்.

"யல்லா யல்லா, சீக்கிரம், சார் வர்றாரு!" என்றான்.

படாரென்று மூடிவிட்டு விலகினேன். வாரை மாட்டவில்லை. சார் நேராக வந்து ஏறிவிட்டார்.

மூன்றாவது சுற்றில் அவர்தான் முதல். பானெட் எகிறி முன்கண்ணாடியில் அறைந்தது. கார் உருண்டது. சாருக்கு வலது கை முறிந்தது.

"வாயத் தொறந்த, ரெண்டு பேருக்கும் விசா கேன்சல்தான். அடுத்த ப்ளைட்டுல ஊரு" என்றான் செல்வராசு. எனக்கும் அந்தப் பயம்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். சார் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "நீ பக்கத்தில்தானே நின்றாய்? நான் வாரை மாட்டினேனா? மாட்டியதாகத்தான் எனக்கு ஞாபகம்."

"இல்ல சார்" என்றேன். "மறந்துட்டீங்க."

தன் நல்ல கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ கலாஸ், முடிந்தது" என்றார்.

கை எலும்பு கூடிவிட்டது. முதலாளியும் இன்னொரு பந்தயம் தருவதாகச் சொன்னார். சார் மாட்டேன் என்றுவிட்டார். அதன்பிறகு ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டுக் கேட் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடியும் வருவார். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று அப்போது தோன்றும், தோன்றியதோடு சரி. சில மாதங்களில் ஊருக்குப் போய்விட்டார்.

அந்த ஸ்பேனர் போட்டோவைப் பார்த்துத்தான் மாமனார் பெண் கொடுத்தார். மனைவி அதை யாருக்காவது காட்டும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

உப்புத்தரை இருந்த இடத்தில் இப்போது கட்டிடங்கள். ஒர்க்‌ஷாப்பும் இல்லை, செல்வராசுவும் இல்லை. சார் இறந்துபோன செய்தி பல வருடம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் எத்தனையோ தடவை ஏர்மெயில் தாளில் 'அன்புள்ள சார்' என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன். மேற்கொண்டு ஒரு வரிதான் எழுத வேண்டியிருந்தது: நீங்கள் மாட்டினீர்கள் சார், என் கண்ணால் பார்த்தேன்.