தங்கச்சி சிரித்த பிறகு

இன்று ரயிலில் யாரோ ஒருவரின் நனைந்த கம்பளிக் கோட்டு மணத்தது. உடனே சுவிஸின் துன் நகரில் அப்பா துப்புரவு வேலை செய்த, இப்போது இடித்துக் கடையாக்கிவிட்ட அந்தச் சின்னத் தியேட்டருக்குள் போய்விட்டேன். ஞாயிறு மதியங்களில் அங்கே, படங்கள் பேசத் தொடங்கிய புதிதில் எடுத்த திருடர்களைப் பற்றிய ஒரு ஜெர்மன் சிரிப்புப் படம் அடிக்கடி ஓடும், தொப்பி போட்ட திருடன் பொலிஸ்காரனிடம் பணிவாக ஏதோ கேட்பான், இங்கேயே பிறந்த தங்கச்சி விழுந்து விழுந்து சிரிப்பாள், ஜெர்மன் விளங்காத அப்பா அவள் பக்கம் குனிந்து, "என்னவாம் பிள்ளை?" என்று கேட்டுத் தானும் சிரிப்பார். ஊரிலிருந்து பிந்தி வந்து, அப்போது ஜெர்மன் விளங்காத எனக்கு வயிறு எரியும்.

போன கிழமை அதே படத்தை வீட்டில் போட்டோம். இப்போது பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் படிப்பிக்கும் நான்தான் எல்லோருக்கும் முன்னால் சிரித்தேன்.

அப்பா தங்கச்சியின் பக்கம் குனிந்தார்.

"என்னவாம் பிள்ளை?"