எழுபது நிமிடப் பலூன்

என்னுடைய எட்டு மாத முடக்கத்தை ஒருவர் ஒரே வாக்கியத்தில் கேலியாக்கினார். அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

முதலில் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல். அது கூடிவரும் வேளையில் டிங்கிக் காய்ச்சல். நான் கட்டிலில் கிடந்த நாள்களில் ஒரு விவாதப் போட்டியும் இரண்டு ஓட்டப் பந்தயங்களும் என்னைக் கேட்காமலே நடந்து முடிந்தன.

ஜெலுத்தோங்கில் எங்கள் ஓட்டக் குழுவில் எட்டுப் பேர். ஞாயிறு காலையில் கடலோரச் சாலையில் ஓடிவிட்டு, தேநீரும் ரொட்டியும் விற்கும் மாமாக் கடையில் கூடுவோம். கடைசியாக ஓடி வருபவர் உட்காரக் கூடாது என்பது குழுவின் வழக்கம். அவர் நின்றுகொண்டே ஒவ்வொருவரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டு, கடைக்காரரிடம் ஒன்று விடாமல் ஒப்பிக்க வேண்டும். நான் திரும்பி வந்த முதல் ஞாயிறு, கடைசி ஆள் நான்தான். ஓடியது மூன்றே கிலோமீட்டர். கடைக்காரரிடம் மூன்றாவது பானத்தைச் சொல்லும்போது மூச்சு அறுந்தது.

அப்போதுதான் குழுத் தலைவர் பேசினார். பத்து வயது மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன்.

"தங்கச்சி, நீ இனிமே விவாத மேடையில மட்டும் ஓடு லா. அங்கதான் நாற்காலி போட்டிருப்பாங்க."

மேசை முழுவதும் சிரித்தது. எதிரணியின் எந்த வாதத்தையும் பதிலில்லாமல் விட்டுப் பழகாதவள் நான். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. என் காலை அவர் இகழ்ந்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். என்னைப் பதிலற்றவளாக நிறுத்தியதைப் பொறுக்க முடியவில்லை.

நான்கு மாதங்களில் ஜார்ஜ்டவுனில் பத்துக் கிலோமீட்டர்ப் பந்தயம் இருந்தது. அதில் அவரை முந்துவது என்று முடிவு செய்தேன். ஏழு நிமிடம் ஓடு, ஒரு நிமிடம் நட என்று இயன்முறை மருத்துவர் தொடங்கிவைத்தார். விவாத மேடையிலும் ஒரு பேச்சுக்கு ஏழு நிமிடம்தான். ஆறாவது நிமிடத்தில் எச்சரிக்கை மணி, ஏழாவதில் இறுதி மணி. பள்ளிக்காலம் தொட்டுப் பழகியதால் அவ்விரு மணிகளும் என் தலைக்குள் தாமாகவே அடிக்கும். ஆகவே கடிகாரமின்றி ஓடினேன். ஓடிய ஒவ்வொரு ஏழு நிமிடத்திலும் அவருக்கான பதிலுரையைச் செதுக்கினேன். முதல் மாதம் அது நீண்டது. பிறகு ஒவ்வொரு மாதமும் கூர்மையானது.

பந்தய நாள் விடியலில் கடற்கரைத் திடலில் அவரைக் கண்டபோது, முதுகில் ஒரு மஞ்சள் பலூன் ஆடிக்கொண்டிருந்தது. அதில் எழுபது என்று எழுதியிருந்தது. அன்று அவர் பேஸர். எழுபது நிமிடத்தில் முடிக்க விரும்புவோர் நம்பிப் பின்தொடரும்படி, சீராக ஓடிச் சரியாக எழுபதாவது நிமிடத்தில் சேர்வது அவர் கடமை. வழக்கமாக அறுபதுக்குள் முடிப்பவர். கடமைக்காக மெதுவாக ஓடுகிறவரை முந்துவது, மேடைக்கே வராத எதிரணியை வென்றதாக மார்தட்டுவதற்குச் சமம். நான்கு மாதச் சினம் கையில் இருந்தது, அடிக்க ஆளில்லை.

"பலூன் பின்னாலயே வா தங்கச்சி. பத்திரமா கொண்டுபோய்ச் சேத்துடுறேன்."

பின்னாலேயே போனேன். பத்துக் கிலோமீட்டருக்கு எழுபது நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம், ஒரு முழுப் பேச்சு. ஆனால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையைத் தாண்டி முதல் கிலோமீட்டர்ப் பலகையைத் தொட்டபோது, என் தலைக்குள் எச்சரிக்கை மணிகூட அடித்திருக்கவில்லை. ஓரத்தில் நின்றவர்களின் கைதட்டலில் அண்ணன் பறந்துகொண்டிருந்தார். அவரை நம்பிய இருபது பேர் இரைத்துக்கொண்டிருந்தார்கள். வேகம் கூடிவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். பெருந்தன்மை காட்ட வேண்டிய தருணம் அது என்று தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டேன். என் வேகத்துக்கு இறங்கினேன். பலூன் கண்ணை விட்டு மறைந்தது.

ஏழாவது கிலோமீட்டரில் மீண்டும் தெரிந்தது. தண்ணீர் மேசையருகே நின்று, மிஞ்சிய நிமிடங்களைத் தொண்டர்களோடு பேசிக் கழித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அவசரம் தங்கச்சி? நேரம் நெறைய இருக்கு லா."

அவரைத் தாண்டி ஓடினேன். மூச்சைப் பேச்சில் செலவழிக்க இப்போது மனமில்லை. எட்டாவதில் பழைய விரிசலின் இடம் சூடேறியது. இன்று நின்றால் அந்த நாற்காலி எனக்கே உரியதாகிவிடும் என்று அஞ்சி, அடியைச் சுருக்கி ஓடினேன். பத்தாவது பேச்சின் இறுதி மணியும் முடிவுக்கோடும் ஒன்றாக வந்தன. பெருங்கடிகாரம் எழுபது நிமிடம் காட்டியது.

எழுபத்திரண்டு தாண்டி வந்தது பலூன். நின்றதில் அவருடைய கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருந்தது. நொண்டி நொண்டி வந்தார். பின்னால் வந்த பெரியவர் ஒருவர் அவரை விடவில்லை.

"பலூன நம்பி வந்தேன் தம்பி. மூணாவது கிலோவுலயே உயிரு போயிருச்சு."

பிறகு மாமாக் கடை. எங்கள் எண்மரில் கடைசியாக வந்தவர் அவர்தான். ஆயினும் நாற்காலியை இழுத்தார்.

"அண்ணே, கடைசி ஆளு உக்காரக் கூடாது," என்றேன்.

"பேஸருக்கு அந்தக் கணக்கு இல்ல லா."

நான்கு மாதம் செதுக்கிய பதிலுரை முழுவதையும் விட்டுவிட்டேன். அவரே எனக்குப் புதிய வாதம் கொடுத்திருந்தார்.

"எழுவதுல வந்திருந்தா நீங்க பேஸர். எழுவத்திரெண்டுல வந்தா, பலூன் கட்டிக்கிட்டு லேட்டா வந்த ஆளு. அவ்வளவுதான் அண்ணே."

மேசை முழுவதும் சிரித்தது. இம்முறை அவர் வாய் திறந்து மூடியது. நாற்காலியை விட்டு எழுந்து, ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்று, ஒவ்வொருவராகக் கேட்டுவந்தார். என் முன்னே நின்றபோது பிடித்துக்கொண்டிருந்த காலைப் பார்த்தேன். அந்த வலி எப்படிப்பட்டது என்பதை அந்த மேசையில் என்னைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை.

"தே ஓ ஒண்ணு, பால் இல்லாம, சீனி பாதி, நல்ல சூடா. ரொட்டி சானாய் ரெண்டு, ஒண்ணு முறுகலா, ஒண்ணு சாதாரணமா. பருப்பு தனியா, மீன் கறி தனியா, சம்பல் ஓரமா கொஞ்சம்," என்றேன்.

ஒரே மூச்சில் சொன்னேன். பிறகு, அவருக்கு நினைவில் நிற்க வேண்டும் என்பதற்காக, இன்னொரு முறை நிதானமாகச் சொன்னேன்.