டைகரோடு போனால் சார், தனியே போனால் யோவ்

எங்கள் ஆபீஸ் துரையின் சொந்த ஊர் இங்கிலாந்தில் ஏதோ ஓர் அமைதியான கிராமம். அங்கே காட்டுப் பாதைகளில் எல்லாம் நாய்களுக்கு ராஜ உபசாரமாம்.

அந்த ஏக்கத்தில், அடையாற்றங்கரையில் இருக்கும் தம் தோப்பிலும் அதே சட்டம் போட்டிருக்கிறார். நாய்கள் தாராளமாக உலாவலாம். நம்மவர்கள் கூடாது.

போன வாரம் நிழலுக்காக உள்ளே காலை வைத்தேன். காவல்காரர், "யோவ், இது தொரை தோப்பு. வெளியே போ!" என்று விரட்டினார்.

துரை இப்போது ஊட்டியில். அவருடைய நாய் டைகரை உலாவ அழைத்துப் போகும் உத்தியோகம், குமாஸ்தாவான எனக்கு. பி.ஏ. படித்தது வீண்போகவில்லை.

இன்று மாலை அதே வாசல், அதே காவல்காரர். எழுந்து நின்று சலாம் வைத்தார், டைகருக்கு.

"வா நைனா! இன்னா, இளைச்சுப் போய்க்கீறே? நீங்களும் வாங்க சார்."

மாமர நிழல், ஆற்றுக் காற்று. சற்று நேரம் நானும் இங்கிலாந்துக் கிராமவாசியாகவே இருந்தேன். அதற்குள் தோப்புக்குள்ளேயே இருக்கும் துரையின் பங்களாவில் பட்லர் கறி வதக்கும் வாசனை வந்தது. டைகர் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது.

நான் தனியாக வாசலுக்குத் திரும்பினேன்.

"நாய் எங்க?"

"பங்களாவுக்கு ஓடிடுத்துப்பா."

"அப்போ நீ இன்னா பண்ணிக்கினுகீறே உள்ளே? யோவ், வெளியே போ!"

நம் கையெழுத்துப் பத்திரிகை சுற்றிவரும் வீடுகளில் யாரிடமாவது நாய் இருந்தால் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதுங்கள். சொறிநாயாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு அதன் சிபாரிசு போதும்.