முன்னுக்கு விட்டவர்

பிள்ளைகளே, சிறுநீரகக் கல்லுக்காக நான் கிளிநொச்சியில் கிளினிக் போன அன்று, பக்கத்துக் கதிரையில் பூநகரிக் கடற்றொழிலாளி ஒருவர் இருந்தார். வெயிலில் கறுத்த முகம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு. பின்னால் யார் வந்தாலும், "நீங்கள் முன்னுக்குப் போங்கோ" என்று தன் முறையைக் கொடுத்துவிடுவார். என்னையும் அப்படித்தான் அனுப்பினார்.

டொக்டரைப் பார்த்துவிட்டு நான் வெளியே வந்தபோதும் அவர் அங்கேயே இருந்தார்.

"என்னய்யா, ஊருக்கெல்லாம் வழி விடுறியள்? டொக்டர் வெளிக்கிடப் போறார்" என்றேன்.

"மூத்திரப்பைக்குக் கீழ, புரொஸ்டேட்டில புற்றுநோய் எண்டு வெட்டி எடுத்தவை, தம்பி. வீரியம் குறைஞ்சது, பயமில்லை எண்டவை. இப்ப இரத்தத்தில திரும்பக் காட்டுதாம். இண்டைக்கு முடிவு சொல்லுவினம்." குரலைத் தாழ்த்தினார். "வெட்டி எறிஞ்சது எப்பிடித் திரும்பி வரும்?"

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

முன்னுக்கு விட இனி ஒருவரும் இல்லை. தாதி அவரைக் கூப்பிட்டார். எழுந்தவரின் கை கதிரையை விடவில்லை.

"தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஓம். வீட்டில மனிசிக்கு இன்னும் சொல்லேல்லை."

தாதி மறுபடியும் கூப்பிட்டார். அவர் என் தோளைத் தொட்டார்.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ, தம்பி. நான் பின்னால வாறன்."

போனேன். டொக்டரின் அறைக் கதவைத் திறந்து, அவர் உள்ளே வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.