தெம்பனிசுக்குப் போய்ச் சேராத ஆர்டர்கள்

எண்பதுகளின் இறுதியில், ஒரு தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த சமயம். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில், மளிகை மொத்த வியாபாரி ஒருவரின் கடை மாடியில் நடந்தது இது. இரண்டு இடங்களில் இருக்கும் கம்ப்யூட்டர்களைத் தொலைபேசி லைன் வழியாக இணைத்துத் தரும் சின்ன நிறுவனம் ஒன்றில் நான் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் வாய்க்கும் தைரியத்துக்கும் குறைச்சலே இல்லை.

கடைக் கம்ப்யூட்டரில் அடிக்கும் ஆர்டர், தெம்பனிஸ் வட்டாரத்தில் இருந்த அவர்கள் கிடங்கின் திரையில் தெரிய வேண்டும். அதற்காக இரண்டு இடத்திலும் எங்கள் பெட்டிகளை வைத்திருந்தோம். நடுவில் லைன் கொடுத்தவர்களின் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச். அன்று காலையிலிருந்து ஓர் ஆர்டர்கூடப் போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், என் பெட்டியிலிருந்து சோதனைச் செய்தி அனுப்பினால் மட்டும் ஜம்மென்று போய்த் திரும்பியது. சோதனை பாஸ், வேலை ஃபெயில்!

எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டேன். எடுத்தவர், லைன் நன்றாக இருக்கிறது, புகாரை முடித்துவிடுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த நேரம் பார்த்து கடை முதலாளி மாடியேறி வந்தார். பருப்பு மூட்டை ஏற்ற வந்த லாரிகள் கிடங்கில் சும்மா நிற்கிற கோபம் அவருக்கு.

"இங்க பாரும்மா, சாயங்காலத்துக்குள்ள ஓடலைன்னா உங்க பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுங்க. நான் பழையபடி போன்லயே ஆர்டர் சொல்லிக்கிறேன்!"

பெட்டி திரும்பினால் நானும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். "ஓட வச்சுட்டுத்தான் கீழ இறங்குவேன், முதலாளி" என்று அடித்துச் சொன்னேன். எப்படி ஓட வைப்பது என்று எனக்கே தெரியாது.

ரிசீவர் இன்னும் என் கையில்தான் இருந்தது. அதிலிருந்து திடீரென்று தமிழ் வந்தது.

"யாரு தங்கச்சி, முதலாளியா? ரொம்பக் கோவமா இருக்காரு லா."

"ஐயோ, அண்ணே, நீங்க தமிழா?"

"ஆமா லா. போனை வச்சிராதீங்க. புகாரை நான் முடிக்கல. என் பக்கத்தையும் ஒருவாட்டி பாத்துருவோம்."

லைன் சரி என்று சொன்னதோடு அவர் கடமை முடிந்துவிட்டது. அதற்கு மேல் பார்க்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"டெஸ்ட் வேணாம் அண்ணே, நெசமான ஆர்டரையே அனுப்புறேன். உங்க மெஷின்ல என்ன ஆகுதுன்னு பாருங்க" என்றேன். கடைக் கணக்கர் பருப்பு ஆர்டரை மறுபடி அடித்தார்.

"உள்ள வருது தங்கச்சி. வெளிய போகல."

எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது. எங்கள் சோதனைச் செய்தியின் தலையில், இது இன்ன வாடிக்கையாளருடையது என்று ஓர் அடையாளம் இருக்கும். கம்ப்யூட்டர் அனுப்பும் சாதாரணச் செய்தியில் அது கிடையாது. சீட்டு ஒட்டாத மூட்டையை வாசலிலேயே தள்ளிவிடுகிற மாதிரி, எக்ஸ்சேஞ்ச் கருவி ஆர்டர்களை ஓசைப்படாமல் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தது. அடையாளம் இல்லாததையும் அனுப்பும்படி மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "தப்பு எங்க செட்டிங்லதான். இருங்க, மாத்துறேன்" என்றார். மழுப்பவில்லை, யார் தலையிலும் போடவில்லை.

கடையின் இன்னொரு போனில் கிடங்கு மேற்பார்வையாளர் கத்தினார்: "வந்துருச்சு! பருப்பு வந்துருச்சு!" முதலாளியின் கோபம் போன இடம் தெரியவில்லை. "காப்பி சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் கீழே ஓடினார். பெட்டி அங்கேயே இருந்தது. அடுத்த மாதம் என் வேலையும் நிரந்தரமானது.

கோளாறைக் கண்டுபிடித்தது நான்தான், அந்தப் பெருமையை இன்றும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அவர் அன்று லைனைத் துண்டித்திருந்தால் கண்டுபிடிக்க எனக்கு வழியே இருந்திருக்காது. தப்பு தன் பக்கம் இருக்குமோ என்று தானே தேடிப் போய், இருந்ததும் ஒப்புக்கொண்ட அந்த முகம் தெரியாத அண்ணனை நினைத்தால், "என் பக்கம் எல்லாம் சரி" என்று சட்டென்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வருவதில்லை.