கொட்டாஞ்சேனைக்குக் காற்று வாங்கப் போனோம்

உலகத்தில் பெரும் பயணங்கள் என்று சில உண்டு. ஒட்டகத்தில் பாலைவனத்தைக் கடப்பது ஒன்று. பனிமலை உச்சிக்கு ஏறுவது இன்னொன்று. கொழும்பு வெள்ளவத்தையில் சிவகுரு அண்ணையை அவருடைய காரிலிருந்து இறக்கி, ரயிலில் ஏற்றி, கொட்டாஞ்சேனையில் ஒரு அலுவலகக் கட்டடத்தைக் காட்டி, சேதாரமில்லாமல் திருப்பிக் கொண்டுவருவது மூன்றாவது. முதல் இரண்டையும் நான் செய்ததில்லை. மூன்றாவதைச் செய்து முடித்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். தங்கள் அலுவலகத்துக் கரண்ட் பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் யாராவது இதே வழியில் போக நினைத்தால் உதவும்.

சிவகுரு அண்ணை எங்கள் கட்டடத்தின் சொந்தக்காரர். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் நாலு மாடி. இரண்டாம் மாடியில் என்னுடைய காப்புறுதி அலுவலகம்: ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு நான். மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. கட்டிய காலத்தில் அதுதான் நாகரிகம். பின்னேரமானால் சூரியன் கடலுக்கு மேலே வந்து நின்று நேரே உள்ளே நுழையும். அந்தக் கட்டடத்தில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் ஒரே ஆள் சூரியன்தான். கண்ணாடிப் பக்கம் இருப்பவர் அப்பளமாகப் பொரிவார், ஏ.சி.க்குக் கீழே இருப்பவர் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். நடுவில் இருக்கும் எனக்கு ஒரே நாளில் இரண்டு கண்டங்களின் காலநிலையும் கிடைக்கும்.

பழைய ஏ.சி.கள் ஒவ்வொன்றாக உயிரை விடத் தொடங்க, கட்டடம் முழுவதற்கும் ஒரே பெரிய ஏ.சி. போட அண்ணை முடிவெடுத்தார். கம்பனிக்காரர் வெள்ளிக்கிழமை கையெழுத்துக்கு வருவதாக இருந்தது. அதைத் தடுக்க நின்றவள் என் அக்காவின் மகள் துஷ்யந்தி. கட்டடங்களுக்குக் காற்று, வெளிச்சம், மின்சாரம் பார்க்கும் பொறியியலாளர். பெரிய கம்பனி வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் பெயர்ப்பலகை மாட்டியவள். பலகை மாட்டியதிலிருந்து அதைப் படித்தவர்கள் தபால்காரரும் நானும் மட்டும். சித்திரை வருடப்பிறப்புக்குள் ஒரு வேலையாவது கிடைக்காவிட்டால் டோஹாவில் காத்திருக்கும் உத்தியோகத்துக்குப் போவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள். அப்போது மார்ச் நடுப்பகுதி. அவளிடம் இருந்த ஒரே வேலை, சிவகுரு அண்ணை இன்னும் கொடுக்காத இந்த வேலைதான்.

“அங்கிள், பெரிய ஏ.சி. வேண்டாம். வெயிலை வெளியில நிப்பாட்டினால் பாதி வேலை முடிஞ்சுது. முந்தின கம்பனியில இருக்கேக்க கொட்டாஞ்சேனையில ஒரு பழைய கட்டடம் அப்பிடிச் செய்தனாங்கள். ஒருக்கா வந்து பாருங்கோ. பிடிக்காட்டி நான் கதைக்கவே மாட்டன்” என்றாள் அண்ணையிடம்.

“புதன்கிழமை போவம். பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது” என்றார் அண்ணை. என்னைப் பார்த்து, “குணம், நீயும் வா. பிள்ளை பிறகு அழுதால் ஆறுதல் சொல்ல ஆள் வேணும்.”

காரில் போனால் ஏ.சி.க்குள்ளேயே இருந்து ஏ.சி.க்கு எதிரான கட்டடத்தைப் பார்க்கப் போவதாகிவிடும் என்று துஷ்யந்தி ரயிலைப் பிடிவாதமாகப் பிடித்தாள். காலை பத்து மணிக்கு வெள்ளவத்தை நிலையம். அங்கிருந்து கோட்டை நிலையத்துக்கு ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர், டிக்கட் ஆளுக்கு நாற்பது ரூபாய். அலுவலக நேரம் முடிந்திருந்ததால் இருக்க இடம் கிடைத்தது. கடற்பக்கத்து யன்னலைப் பிடியுங்கள். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை கடல் உங்கள் மடியில் வந்து உட்காரும். அண்ணை கடைசியாக ரயிலேறியது வெள்ளைக்காரன் கொடியை இறக்கிய வருடமாக இருக்க வேண்டும்; இருக்கையைக் கைக்குட்டையால் மூன்றுமுறை துடைத்துவிட்டு உட்கார்ந்தார். கொம்பனித்தெரு வரும்போது சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, முகத்தை யன்னலுக்குக் கொடுத்திருந்தார். அப்போதே நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

கோட்டை நிலைய வாசலில் ஓட்டோ. கொட்டாஞ்சேனைக்கு மூன்று கிலோமீற்றர் வரும். நாங்கள் கொடுத்தது நானூறு ரூபாய். புறக்கோட்டைக்குள் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளின் வண்டிகளுக்கு நடுவில் ஓட்டோ நின்றுவிட, அண்ணை வியர்த்துக் கொட்டினார்.

“மல்லி, ஏ.சி. எகக் நெத்த?” என்று சாரதியிடம் சிங்களத்தில் கேட்டார், தம்பி, ஏ.சி. இல்லையா என்று.

“ஏ.சி. நே மாத்தயா. ஹுளங் தியெனவா” என்றான் அவன். ஏ.சி. இல்லை ஐயா, காற்று இருக்கு.

“எங்க இருக்கு?” என்றார் அண்ணை தமிழில். வண்டி நகர்ந்தால்தானே. செட்டியார் தெரு நகைக்கடைகளைத் தாண்டி ஜிந்துப்பிட்டிக்கு ஏறும்போதுதான் சாரதியின் காற்று வந்து சேர்ந்தது.

கட்டடம் மூன்று மாடி. தேங்காய் எண்ணெயும் பருப்பு வகைகளும் மொத்தமாக விற்கும் ஒரு குடும்பத்தின் அலுவலகம். பார்த்துக்கொள்பவர் பழனியப்பன், பாட்டனார் காலத்தில் புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்து இங்கேயே ஊன்றிய குடும்பம். வாசலில் நின்று வரவேற்றார்.

போகிறவர்களுக்காகச் சொல்கிறேன், என்ன பார்க்க வேண்டும் என்று. கூரைக்கு வெள்ளைப் பூச்சு. மேற்கு யன்னல்களுக்கு வெளியே மூங்கில் தட்டி. வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே தடுக்கப்படுகிறது. உள்ளே திரை போடுவது வீட்டுக்குள் வந்துவிட்ட கள்ளனுக்குப் போர்வை போர்த்துவது போல என்பாள் துஷ்யந்தி. கட்டடத்தின் நடுவில் கீழிருந்து கூரைவரை ஒரு காற்றுக்கூடு, பழைய வீடுகளின் முற்றம் போல ஒடுங்கியது. சூடான காற்று அதன் வழியே மேலே ஓடிப்போக, யன்னல்களால் புதுக் காற்று உள்ளே வருகிறது. மிச்சத்துக்கு மின்விசிறி. மழைத் தண்ணீர் தொட்டியில் சேர்ந்து கழிப்பறைகளுக்குப் போகிறது. இவ்வளவும் செய்து செலவைக் குறைத்த பிறகுதான் கூரையில் சோலார்.

இவ்வளவையும் சிவகுரு அண்ணை பார்க்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். கொழும்பில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது: குளிர்தான் மரியாதை. வந்தவர் எவ்வளவு பெரியவரோ, ஏ.சி. அவ்வளவு கீழே இறங்கும். சம்பந்தி வந்தால் இருபது பாகை. வங்கி முகாமையாளர் வந்தால் பதினெட்டு. அதற்குக் கீழே இறங்கினால் வந்தவர் அமைச்சர், அல்லது அமைச்சரிடம் உங்களைக் கூட்டிப்போகக் கூடியவர். அந்தக் கட்டடத்தில் ஏ.சி. ஒரே ஒரு அறையில்தான், கணினிகளுக்காக. பழனியப்பன் எங்களை நேரே அங்கேதான் கொண்டுபோனார். கணினிகளை ஒரு மூலைக்குத் தள்ளி, நாலு மெத்தைக் கதிரை போட்டு, காலையிலிருந்தே பதினெட்டில் ஓடவிட்டிருந்தார்.

துஷ்யந்தியின் முகம் தொங்கிப்போனது.

“பழனியண்ணா, எங்களுக்கு ஏ.சி. வேண்டாம். நடையில இருப்பம். காத்தைக் காட்டத்தான் இவையளைக் கூட்டி வந்தனான்.”

“அட என்னம்மா நீங்க. வெள்ளவத்தையிலருந்து இவ்வளவு தூரம் வந்தவங்கள ஃபேனுக்குக் கீழ உக்கார வைக்கவா? முதலாளி கேட்டா என்னைய என்ன நினைப்பாரு?”

“உண்மையா வேண்டாம் அண்ணா.”

“உங்க பெருந்தன்மை எனக்குத் தெரியாதா. உக்காருங்க, உக்காருங்க.” கையோடு ஒரு பாகை குறைத்தார்.

அவள் மறுக்க மறுக்க அது அவளுடைய பண்பாகப் பட்டது. பண்புக்கு மரியாதை செய்ய அறை மேலும் குளிர்ந்தது. இன்னும் இரண்டு தடவை மறுத்திருந்தால் பெங்குவின் வந்திருக்கும். என் மூக்கு விழுந்துவிட்டதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆவி பறக்கும் கோப்பி வந்தது. கோப்பையைக் குடிக்கவல்ல, பிடித்துக்கொண்டிருக்கத்தான் எனக்குத் தேவைப்பட்டது. அந்த அறையில் இருந்துகொண்டு பழனியப்பன், ஏ.சி. இல்லாமல் எப்படி வாழ்வது என்று ஒன்றரை மணித்தியாலம் விளக்கினார்.

சிவகுரு அண்ணை கதிரையில் சாய்ந்தார். “பிள்ளை, இதுதான் நான் கேட்ட குளிர். பார், இவையளும் கடைசியில ஏ.சி.க்குள்ளதானே இருக்கினம்.”

துஷ்யந்தியின் கைப்பைக்குள் ஒரு சின்ன வெப்பமானி இருந்தது, நடையில் வைத்துக் காட்டுவதற்காகக் கொண்டுவந்தது. பையின் வாரைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். டோஹாவுக்கு எந்தப் பெட்டியைக் கொண்டுபோவது என்று அவள் யோசிப்பது எனக்குக் கேட்டது.

பிறகு சாப்பாடு, வாழையிலையில். சாம்பார், மூன்று பொரியல், வடை, பாயாசம். சைவச் சாப்பாட்டால் ஒரு மனிதனை வீழ்த்த முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். திரும்ப அந்த அறைக்குள் போனதும் அண்ணை தும்மினார். ஒன்றல்ல, துறைமுகத்துக் கப்பல்கள் பதில் சங்கு ஊதும் அளவுக்குத் தொடர்ந்து.

“கொஞ்சம் வெளியில நிண்டிட்டு வாறன். தொண்டை கட்டிப்போச்சு” என்று எழுந்து போனார்.

நேரம் போனது. ஆள் வரவில்லை. பழனியப்பன் பதறிப்போனார். மூவரும் தேடிக்கொண்டு போனோம். இரண்டாம் மாடி நடையில், காற்றுக்கூட்டுக்குப் பக்கத்தில், எழுதுவினைஞர்கள் மதியம் சாயும் ஒரு நீளமான வாங்கு. அதில் சிவகுரு அண்ணை மல்லாந்து கிடந்தார். செருப்பு கீழே, மூக்குக்கண்ணாடி நெஞ்சில், வேட்டி நுனி காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. குறட்டை மூன்று மாடிக்கும் பொது.

“ஐயோ, வாங்கில படுத்துட்டாரே. எழுப்பி உள்ள கூட்டிட்டுப் போயிடுவோம்” என்று பழனியப்பன் முன்னே போனார்.

துஷ்யந்தி அவர் கையைப் பிடித்துவிட்டாள். “அண்ணா, நீங்கள் எனக்கு ஒரு உதவி செய்யிறதெண்டால், இவரை எழுப்பாதேங்கோ.” வெப்பமானியை எடுத்து வாங்கின் தலைமாட்டில் வைத்தாள். முப்பது பாகை. வெளியே தெருவில் தார் உருகும் நேரம்.

மூன்று மணியளவில் அவராகவே கண் திறந்தார். சுற்றிப் பார்த்தார். முகட்டைப் பார்த்தார்.

“நடைக்கும் ஏ.சி. போட்டிருக்கினமோ? எங்கயிருந்து வருகுது?”

“இங்க ஏ.சி. இல்லை அங்கிள்.”

“சும்மா கதையாதை பிள்ளை.” எழுந்து சுவர் ஓரமாகக் கையை நீட்டிக்கொண்டு நடந்தார், ஏ.சி. வாயைத் தேடி. யன்னலுக்கு வந்தார். காற்றுக்கூட்டுக்குள் தலையை நீட்டி மேலே பார்த்தார், வானம் தெரிந்தது. திரும்பி வந்து வெப்பமானியைப் பார்த்தார்.

“முப்பதோ? இது பழுதாப்போச்சு.”

“பழுதில்லை. காத்து ஓடினால் முப்பதிலயும் உடம்பு ஆறும். நீங்கள் ஒரு மணித்தியாலம் நித்திரை கொண்டனீங்கள்.”

“நித்திரையோ? கண்ணை மூடி யோசிச்சனான்.”

“உங்கட யோசனை தெருவரைக்கும் கேட்டது அண்ணை” என்றேன்.

திரும்பும் வழியிலும் ஓட்டோதான். கோட்டையில் ரயிலேறினோம், மாலை நெரிசலுக்கு முன்பு, நாலு மணிக்குள் ஏறிவிடுங்கள். கொள்ளுப்பிட்டி தாண்டிய பிறகுதான் அண்ணை கடலைப் பார்த்தபடியே வாய் திறந்தார்.

“பிள்ளை, அந்தக் காத்துக்கூடு. எங்கட கட்டடத்தில எங்க இடிச்சு அதை வைப்பாய்?”

“இடிக்கத் தேவையில்லை அங்கிள். முதலே இருக்கு. படிக்கட்டுக்குப் பக்கத்தில. நீங்கள்தான் மேல தகரம் போட்டு மூடி, பழைய கதிரையள் அடுக்கி வச்சிருக்கிறியள்.”

பம்பலப்பிட்டி வந்து போனது.

“அந்தத் தகரம் நல்ல தகரம்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நாளைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வா. நான் இருக்கேக்க கழட்ட வேணும்.”

வெள்ளிக்கிழமை கம்பனிக்காரர் வந்தார். கட்டடம் முழுவதற்குமான பேனாவைத் திறந்து வைத்திருந்தவருக்கு ஒரே ஒரு அறைக்கான கட்டளைதான் கிடைத்தது. “வாறவைக்கு ஒரு அறை வேணும்தானே” என்றார் அண்ணை. அதை மட்டும் துஷ்யந்தியாலும் அசைக்க முடியவில்லை. டோஹாவுக்கு அவள் எழுதிய மறுப்பை என் மேசையில் இருந்துதான் எழுதினாள்.

இது ஆகஸ்ட். தகரம் போய்விட்டது. மேற்குக் கண்ணாடிக்கு வெளியே தட்டி தொங்குகிறது. கூரை வெள்ளை. சூரியனுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. பின்னேரம் வந்து தட்டியில் தட்டிப் பார்த்துவிட்டுக் கடலுக்குள் போகிறது. என் மேசையில் இப்போது ஒரே ஒரு காலநிலைதான். உங்கள் கட்டடத்தில் தொடங்குவதென்றால் இந்த ஒழுங்கில் செய்யுங்கள்: முதலில் வெயிலை வெளியே நிறுத்துவது, பிறகு காற்றுக்கு வழி, பிறகு விசிறியும் விளக்குகளும், கடைசியில் சோலார். சோலாரில் தொடங்குவது ஓட்டைக் குடத்துக்கு இரண்டாவது குழாய் பூட்டுவது. அதற்கு முன், நீங்களே ஏதாவது காற்றுவழியைத் தகரம் போட்டு மூடியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மூடியிருப்பீர்கள்.

சென்ற வாரம் பழனியப்பன் எங்கள் கட்டடத்தைப் பார்க்க வந்தார். சிவகுரு அண்ணை வாசலுக்கே போய் அழைத்து வந்து, தகரம் கழற்றிய காற்றுக்கூட்டைக் கடந்து, தட்டிகளைக் கடந்து, நேரே அந்த ஒற்றை அறைக்குள் இருத்திக் கதவைச் சாத்தினார். பதினேழு. கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். பழனியப்பன் கோப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஆகவே கடைசி ஆலோசனை. கொட்டாஞ்சேனைக் கட்டடத்துக்கோ எங்களுடையதுக்கோ காற்றைப் பார்க்க வருகிறவர்கள், தயவுசெய்து விருந்தாளிகளாக வராதீர்கள். வரி கேட்க வந்திருக்கிறோம் என்று வாசலில் சொல்லுங்கள். நடையில் வாங்கைக் காட்டி, காத்திருக்கச் சொல்வார்கள். அதுதான் கட்டடத்திலேயே நல்ல இடம்.