முப்பத்தோராம் தாள்

ஆல்பத்தை அவர் யார் கையிலும் கொடுக்க மாட்டார். எதிரில் இருப்பவருக்குப் படம் நேராகத் தெரியும்படி மேசையில் வைத்து, தாளை ஒவ்வொன்றாக அவரேதான் புரட்டுவார். தாளுக்கு ஒரு படம். புரட்டும்போது படத்தைப் பார்ப்பதில்லை, வந்தவரின் கண்ணைப் பார்ப்பார். எந்த முகத்தில் அது ஒரு நொடி கூடுதலாக நிற்கிறதோ, அந்தத் தாளின் எண்ணைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார்.

மாடியில் ஒற்றை அறைத் திருமணத் தகவல் நிலையம். ஆண்களுக்கு நீல ஆல்பம், பெண்களுக்குப் பழுப்பு. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலியில் இருப்பவரை ஆல்பம் அக்கா என்று சொன்னால்தான் தெருவில் தெரியும். எல்லாம் கைப்பேசியிலேயே வந்துவிட்டதே என்று யாராவது சீண்டினால், "அதுல கட்டைவிரல் பார்க்குது. இங்க கண்ணு பார்க்கணும்" என்பார். இன்னொன்றும் பெருமையாகச் சொல்வார்: "ஒரு தாளைக்கூடத் தாண்ட மாட்டேன். யாருக்கு யாருன்னு முடிவு பண்ண நான் யாரு?"

விண்ணப்பத்தில் ‘எதிர்பார்ப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை அவர் துளியும் நம்புவதில்லை. போன வாரம் வந்த வங்கி ஊழியர், சிரித்த முகமாக, கலகலப்பாகப் பேசுகிறவராக வேண்டும் என்று எழுதியிருந்தார். இருபது சிரித்த முகங்களைத் தாண்டிப் போன கண், புருவத்தை நெரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊழியரின் அம்மாவுக்கும் அதே புருவம். அவர்கள் படியிறங்கிப் போனபின் அக்கா சொல்லிக்கொண்டார்: "வாய் என்னத்தையோ கேக்குது, கண்ணு வீட்டைத் தேடுது."

தன் கண்ணின் லட்சணமும் அவருக்குத் தெரியும். அப்பா, முதுகைக் காட்டிக்கொண்டே பதில் சொல்கிறவர். அக்காவும் இளவயதில் முகம் கொடுத்துப் பேசாத ஒருவருக்காக நாலு வருடம் காத்திருந்தார். நடுவில் அன்பாக வந்து பேசிய இருவர் அவருக்குச் சப்பென்று இருந்தார்கள். அந்த ஒருவரோ சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போய்விட்டார். இப்போது வயது நாற்பத்தாறு. பழுப்பு ஆல்பத்தில் தன் படத்தை அவர் ஒருநாளும் ஒட்டியதில்லை. காலையில் கிளம்பும்போது ரேடியோவை அணைக்காமலேயே வீட்டைப் பூட்டுவார். திரும்பி வந்து கதவைத் திறக்கையில் உள்ளே யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

நிலையத்து ஜெராக்ஸ் மெஷினைப் பார்க்க மாதம் ஒருமுறை ஒரு மெக்கானிக் வருவார். ஐம்பதைத் தொட்டவர், மனைவியை இழந்தவர். "ஓரத்து நாற்காலி கால் ஆடுதுங்க, பார்த்து உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள். போன மாதம் வேலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கும் ஒரு ஃபாரம் குடுங்களேன்" என்றார். அவர் வருகிற தேதியைத் தான் எண்ணிக்கொண்டிருந்தது அக்காவுக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது.

கேட்க வேண்டியதைக் கேட்டார். "என்ன மாதிரி எதிர்பார்க்கிறீங்க?"

"வீட்ல ஆள் இருக்கிற சத்தம் இருந்தாப் போதுங்க. ரேடியோவைப் போட்டுட்டுத்தான் வேலைக்கே வர்றேன்."

நானும் அப்படித்தான் என்று சொல்லத் தொண்டைவரை வந்தது. சொல்லாமல், ஃபாரத்தில் முத்திரை குத்தி, படத்தை நீல ஆல்பத்தின் முப்பத்தோராம் தாளில் ஒட்டினார். வாய்விட்டுச் சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று ஒரு மாதமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறார்.

இன்று காலை ஒரு நர்ஸ் வந்தார். நாற்பது வயதிருக்கும். களைத்திருந்தாலும் நல்ல முகம். எதிர்பார்ப்புக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்.

"ஏதாவது எழுதணுமே" என்றார் அக்கா.

"பெரிசா ஒண்ணுமில்லக்கா. டூட்டி முடிஞ்சு போய்க் கதவைத் திறந்தா, உள்ள ஒரு குரல் கேக்கணும். அவ்வளவுதான்."

அக்கா நீல ஆல்பத்தை இழுத்து வைத்துப் புரட்டத் தொடங்கினார். நர்ஸின் கண் எங்கும் நிற்கவில்லை. இருபத்தெட்டு போயிற்று, இருபத்தொன்பது போயிற்று. அதற்குமேல் வந்தவரின் கண்ணைப் பார்க்காமல் அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வந்தது. விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினார்.